கருப்புக் கம்பி எங்கே?

மல்டிமீட்டரில் இரண்டு கம்பிகள் இருக்கும். சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று. சிவப்புதான் வேலை செய்கிறது, கருப்பு சும்மா கூட வருகிறது என்று நான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரோடு வேனில் ஏறி வரும் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. எங்கே உட்கார வைத்தாலும் உட்காருவார், சாப்பிடுவார், போவார். அதனால் கருப்பு முனையைக் கைக்கு எட்டிய ஏதாவது ஓர் இரும்பில் செருகிவிட்டு, சிவப்பை வைத்துக்கொண்டு கார் முழுக்க ஊர்வலம் போவேன். எண் வந்தால் சந்தோஷம். எண் வராத இடத்துக்கு நான் போகவே மாட்டேன். ஒன்றுமில்லாத இடத்தில் போய் எதை அளப்பது?

இந்த அறிவோடுதான் ஜொகூரில் எத்தனையோ பேருடைய காருக்கு வயரிங் பார்த்தேன். அவர்கள் இன்னும் நல்லபடியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்கு அவர்கள் கும்பிட்ட சாமிதான் காரணம்.

போன வருடம் வேலையை விட்டேன். எனக்கு ஐம்பத்தைந்து வயது. என் முதுகுக்கு எழுபது. டேஷ்போர்டுக்கு அடியில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? ஆனால் பட்டறை இளைஞர்கள் விடவில்லை. அவர்கள் கையில் இப்போது ஸ்கேனர் இருக்கிறது. காரில் செருகினால் என்ன கோளாறு என்று அதுவே எழுதிக் காட்டும். அது ஒன்றும் எழுதாத நாளில்தான் என் ஞாபகம் வரும். இங்கே காரைக் காடி என்போம்.

"அங்கிள், ஸ்கேனர்ல ஒன்னும் காட்டல, ஆனா காடி நிக்குது. மீட்டர் வச்சு என்ஜின் கம்ப்யூட்டரை எப்படிப் பாக்குறது? ஈசியா சொல்லுங்க லா."

ஈசியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஈசியான விஷயம் என் மண்டையில் ஏறிய நாளையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அந்த நாளை நான் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் சிரித்ததில்லை.

பயிற்சிக் காலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. யோங் பெங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் அப்பா லோரி ஓட்டினார். அந்த லோரி ஓடிய நாளைவிட நின்ற நாள் அதிகம் என்பதால் எனக்குப் படிப்பு வாசலிலேயே கிடைத்தது. பிறகு செனாயில் ஒரு சீனரின் பட்டறை. கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த நேரம். தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, என் கையில் ஒரு மஞ்சள் மீட்டரைக் கொடுத்து, "போய் பேட்டரி பாரு" என்றார். மீட்டரின் அடியில் மூன்று ஓட்டைகள். சிவப்புக் கம்பியை எதில் செருகுவது என்று தெரியவில்லை. பத்து ஆம்பியர் என்று எழுதியிருந்த ஓட்டை கொஞ்சம் வசதியான ஆளாகத் தெரிந்தது. அதில் செருகி, பேட்டரியின் இரண்டு தலையிலும் முனைகளை வைத்தேன்.

டப்! நீலமாக ஒரு பொறி. மீட்டரை லோங்காங்கில், அதாவது பட்டறையைச் சுற்றி ஓடும் சாக்கடையில், எறிந்துவிட்டுப் பெட்ரோல் நிலையம் வரைக்கும் ஓடினேன். திரும்பி வந்தபோது தவுக்கே அதே பேட்டரியின் மேல் கோப்பிக் குவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஓடி முடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிகளுக்கு முதல் பாடம் அதுவே. சிவப்பு வோல்ட் ஓட்டையில் இருக்க வேண்டும். திருகு குமிழ் நேர் மின்னோட்ட வோல்ட்டில், இருபது என்ற இடத்தில். ஆம்பியர் ஓட்டையில் கம்பி இருந்தால் உங்கள் கையில் இருப்பது மீட்டர் இல்லை, பேட்டரியின் இரண்டு தலையையும் நேராக இணைக்கும் ஒரு கம்பித் துண்டு. பெட்ரோல் நிலையம் எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொறிக்குப் பிறகு என்ஜின் கம்ப்யூட்டர் என்றாலே எனக்குப் பயம். கையகலத் தகரப் பெட்டி. எரிபொருள் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று என்ஜினுக்குக் கணக்குச் சொல்வது அது. அதன் விலையைக் கேட்டாலே வியர்க்கும். முனையை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். என் மூச்சுக் காற்றில் அது செத்துவிடும் என்ற மாதிரி. எண் வந்ததும் மூச்சை விட்டு, "நல்லா இருக்கு!" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிடுவேன். எனக்குப் பயம் வந்தால் இரண்டு வேலைதான் தெரியும். ஒன்று ஓடுவேன், இல்லையென்றால் ஜோக் அடிப்பேன். வயது ஏற ஏற ஓட முடியவில்லை.

தவுக்கே பட்டறையை மகனிடம் விட்டபோது, மகன் புவான் ஹஸ்னாவைத் தலைமை டெக்னீஷியனாகக் கொண்டுவந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய மலாய்ப் பெண்; புவான் என்பது திருமதி மாதிரி ஒரு மரியாதை. சத்தம் போட மாட்டார். தப்பு என்று சொல்ல மாட்டார். எல்லாரையும் "அபாங்" என்று, அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அந்த மரியாதையிலேயே நமக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும். நான் ஓர் எண்ணைச் சொன்னால், பார்த்துக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து தலையைத் திருப்பாமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஹித்தாம் டி மானா, அபாங் மணியம்?"

கருப்பு எங்கே, அண்ணே? அவ்வளவுதான்.

"இருக்கு புவான், பத்திரமா இருக்கு, அதுக்கு என்ன கல்யாணமா பண்ணப் போறோம்?" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். நான் பதில் சொல்லும் வரை காத்திருப்பார். எந்த இரும்பில் செருகினேன் என்று எனக்கே ஞாபகம் இருக்காது. "மறுபடி அளங்க" என்பார். மறுபடி அளப்பேன். பெரும்பாலும் அதே எண்தான் வரும். பாருங்கள், அதே எண் என்று வெற்றியோடு நிற்பேன். "நல்லது" என்பார். அடுத்த காரிலும் அதே கேள்வி.

அவர் அளப்பதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். முதலில் பேட்டரி. என்ஜின் ஓடாதபோது பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது சரியும். பத்துக்குக் கீழே போனால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பேட்டரி சரியில்லாத காரில் மேற்கொண்டு அளப்பதெல்லாம் வீண். ஓடும்போது பதினான்கை ஒட்டி நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர். அதன் பிளக்கைக் கழற்றவே விடமாட்டார். கழற்றிவிட்டு அளப்பது, ஆள் தூங்கும்போது அவன் எவ்வளவு தூக்குவான் என்று பார்ப்பது மாதிரி என்பார். பிளக் செருகியபடியே இருக்க, அதன் பின்பக்கம் வயர் நுழையும் சந்து வழியாக ஒரு மெல்லிய ஊசியை இறக்குவார். அந்த ஊசி அவருடைய தூடோங் ஊசி. தலைத்துணியைக் குத்தி வைக்க அவர்கள் வைத்திருப்பது. சட்டைக் கையில் எப்போதும் மூன்று நான்கு உபரியாகக் குத்தியிருக்கும். வயரின் தோலை ஊசியால் துளைத்தால் மட்டும் முகம் மாறும். இன்றைக்குப் போடும் ஓட்டையில் நாளைக்கு மழைத்தண்ணி போகும், அப்புறம் உள்ளே களிம்பு பச்சையாகப் பூக்கும்.

பிறகு கால் காலாகப் பார்ப்பார்; பிளக்கில் ஒவ்வொரு வயரும் வந்து முடியும் முனையைத்தான் கால் என்போம். சாவி இல்லாதபோதும் பேட்டரி வோல்ட் இருக்க வேண்டிய கால் ஒன்று. சாவி போட்டதும் வர வேண்டிய கால் ஒன்று. சென்சார்களுக்குக் கம்ப்யூட்டர் அனுப்பும் ஐந்து வோல்ட். அது நாலு வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் ஏதோ ஒரு சென்சார் உள்ளுக்குள் செத்து மற்றவர்களையும் சேர்த்து இழுக்கிறது. கடைசியாக எர்த் கால்கள். மின்சாரம் தன் வேலையை முடித்துவிட்டுப் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. கருப்பு முனை பேட்டரியின் எதிர்த் தலையிலேயே, அதாவது மைனஸில், சிவப்பு முனை எர்த் காலில். வர வேண்டிய எண் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சுழியத்துக்குப் பக்கத்தில்.

இந்தக் கடைசிக் காலை அவர் அளக்கும்போதெல்லாம் நான் தே தாரிக் டீ வாங்கப் போய்விடுவேன். சுழியம் வரப் போகிறது என்று தெரிந்தே ஒருவர் குனிந்து சுழியத்தைப் பார்ப்பதை நின்று வேடிக்கை பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து?

அப்படி இருந்தபோதுதான் மல்லிகாவின் கார் வந்தது.

இழுவை லோரியில் வந்தது. சிவப்பு நிறம், பழைய உள்ளூர்க் கார். ஓட்டுநர் பக்கக் கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் நீலக் கேன்வஸ் துணியைக் கட்டியிருந்தார்கள். லோரியின் முன்சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நாற்பது வயது இருக்கும். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. சீருடைச் சட்டையிலேயே வந்திருந்தாள். நான் வழக்கம் போல, "கதவை எங்கம்மா மறந்து வச்சிட்டு வந்தீங்க?" என்றேன்.

"கதவோட போயிட்டாருண்ணே" என்றாள்.



அவளே சொன்னாள். கணவர் பெயர் குணாளன். அவர் வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. சில மாதமாக வீட்டில்தான். தீபாவளி முடிந்த பிறகு வந்த பெரிய மழை நாளில், மத்தியானம், "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று காரை எடுத்துப் போயிருக்கிறார். நெடுஞ்சாலையின் இடது தடத்தில் கார் நின்றிருக்கிறது. கதவைத் திறந்து இறங்கியிருக்கிறார். நம் ஊரில் ஓட்டுநர் இறங்குவது வண்டிகள் வரும் பக்கம்தானே. பின்னால் வந்த லோரி கதவையும் அவரையும் கொண்டுபோய்விட்டது.

"போலிஸ் காடியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. விக்கப் போறேன். விக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒன்னு தெரியணும்ணே."

"சொல்லும்மா."

"இது தானா நின்னுச்சா, இல்ல அவரு நிறுத்துனாரா?"

நான் காரைப் பார்த்தேன். காரைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

"போலிஸ் கொட்டாயில சாவியத் திருப்புனாங்களாம். ஒரே தடவையில ஸ்டார்ட் ஆயிடுச்சாம். டபுள் சிக்னல் லைட்டும் போடல. மழையில என்ஜினை அடைச்சிட்டு இறங்கியிருக்காரு, வைப்பர் மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சாம், அதக்கூட நிறுத்தல. நல்லா ஓடுற காடியை நடு ரோட்டுல நிறுத்திட்டு யாருண்ணே இறங்குவா? கருமாதிக்கு வந்தவங்க எல்லாரும் அதத்தான் நெனச்சாங்க. வாய விட்டுக் கேட்டிருந்தாக்கூடத் தேவல. எங்க மாமியா இப்ப எங்கிட்ட சாப்பாடு வாங்குறதில்ல." கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு சொன்னாள். "அன்னிக்குக் காலையில நான் அவர ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும் கணவனிடம் வேலைக்குப் போகும் மனைவி சொல்லக்கூடிய வார்த்தைகள் எத்தனை இருக்க முடியும்?

நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு மூத்திரம் வந்தது. இரண்டு தடவை போய்விட்டு வந்தேன்.

பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரே பளபளப்பு. உட்சுவரெல்லாம் புதுச் சிவப்புச் சாயம். போல்ட்டுகளைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளி மாதிரி ஆக்கி மாட்டியிருந்தார் மனிதர். ஒரு துளி சாயம் ஒரு வயரின் மேல் படவில்லை. "தீவாளிக்கு அடிச்சாரு" என்றாள் மல்லிகா உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பிள்ளைங்களுக்குத் துணி எடுத்தாச்சு, இதுக்கும் எடுக்கணும்னு, ஒவ்வொன்னா கழட்டி வச்சு, ஒரு வாரம்."

இத்தனை அக்கறையாக ஒரு காரைப் பார்த்துக்கொண்டவர் பெரிய கோளாறை விட்டு வைத்திருப்பாரா?

ஸ்கேனரில் ஒன்றும் இல்லை. போலிஸ் கொட்டாயில் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரின் ஞாபகம் அழிந்திருந்தது. மீட்டரை எடுத்தேன். பேட்டரி சரி. சாவியைத் திருப்பினேன், ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. கம்ப்யூட்டருக்குப் போகும் முதல் கால் பதினான்கு. இரண்டாவது காலும் பதினான்கு. சென்சாருக்குப் போவது ஐந்து, பிசிறில்லாமல். நல்லாத்தான் ஓடுகிறது. பத்து நிமிடம் ஓடவிட்டேன். குழந்தை மாதிரி ஓடியது.

மல்லிகா எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

"காடிக்கு ஒன்னும் இல்லம்மா. நம்ம எல்லாரையும் விட ஆரோக்கியமா இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவள் தலையாட்டினாள். "சரிண்ணே. அப்ப சரி" என்றாள். சாமான் வாங்கப் போன கடையில், இல்லை என்றால் சொல்வோமே, அப்படி. போய் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். அழுதிருந்தால் நான் தண்ணீர் கொண்டுவரவாவது போயிருப்பேன். ஓடவும் இடம் இல்லாமல், இன்னொரு ஜோக்கும் வராமல், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹித்தாம் டி மானா?"

புவான் ஹஸ்னா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மல்லிகா உட்கார்ந்த விதம் அவருக்குப் புரிந்திருந்தது.

கருப்பு முனை பேட்டரியின் எதிர்த் தலையில்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான இடத்தில் வைத்திருந்தேன். காட்டினேன்.

"நல்லது. சிவப்பு?"

"மின்சாரம் வர்ற கால் எல்லாம் பார்த்துட்டேன் புவான். எல்லாம் வருது."

"திரும்பிப் போற கால்?"

நான் மீட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன்.

"அபாங், விபத்து நடந்தப்ப வானிலை எப்படி?"

"மழை. பெரிய மழை."

"இங்க மழை பெய்யுதா?" என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்பது மாதிரிதான் கேட்டார். பிறகு சட்டைக் கையிலிருந்து ஓர் ஊசியை உருவி என்னிடம் நீட்டினார். தானே செய்திருக்கலாம். செய்யவில்லை.

கம்ப்யூட்டர் பிளக்கின் பின்னால், எர்த் காலின் சந்தில் ஊசியை இறக்கினேன். சிவப்பு முனையை ஊசியில் கடிக்க வைத்தேன். மீட்டரில் அரை வோல்ட்டுக்கும் கொஞ்சம் கீழே ஓர் எண். சுழியம் இல்லை. ஆனால் அதனால் ஒரு கார் நின்றுவிடாது.

"விளக்கு" என்றார்.

மீட்டரோடு ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து முன்விளக்கைப் போட்டேன். ஒன்றரை.

"ஏர்கோன். விசிறி ஓடட்டும்." இரண்டைத் தாண்டியது.

"வைப்பர்."

காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சென்று தேய்த்தது. மூன்று. நான் வெளியே வரப் போனேன். "பொறுங்க, சூடாகட்டும்" என்றார். எண் தானாகவே ஏற ஆரம்பித்தது. ஒன்றுமே இருக்கக் கூடாத காலில் மூன்றரை. நாலு. விளக்கு மங்கியது, வைப்பர் கிழவன் மாதிரி நடந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது நெஞ்சு வலித்தபோதுதான் தெரிந்தது. ஐந்து. ஐந்தைத் தாண்டியதும் என்ஜின் இரண்டு முறை இருமியது. நின்றது.

வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மல்லிகா எழுந்து நின்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹார்னை அடித்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஏதாவது ஒன்றை அணைக்க வேண்டும் என்று கை போனது, ஹார்னில் போய் விழுந்தது. நாலு சுவருக்குள், ஆபத்தே இல்லாமல் நிற்கும் காரில் உட்கார்ந்திருந்த எனக்கே டபுள் சிக்னல் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த நெடுஞ்சாலையில், அந்த மழையில் குணாளன் அதைப் போடவில்லை என்று ஆளுக்கு ஆள் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

புவான் ஹஸ்னா எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. போலிஸ் கொட்டாயில் ஆன மாதிரியே.

பிறகு எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். அது முன்பக்க உட்சுவரில் ஒரே ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. கம்ப்யூட்டரின் எர்த், முன்விளக்கின் எர்த், விசிறி, வைப்பர் எல்லாம் அந்தப் போல்ட்டில்தான். வெள்ளி மாதிரி மின்னும் போல்ட். இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினேன். வயர் நுனியின் வளையத்துக்கு அடியில் இருக்க வேண்டியது வெறும் இரும்பு. இருந்தது சிவப்புச் சாயம், கண்ணாடி மாதிரி, முழுசாக. மின்சாரம் திரும்பிப் போக மிஞ்சியது போல்ட்டின் மரை மட்டும். மரையின் ஓரம் கருகியிருந்தது.

தண்ணீர் வரும் குழாயையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லோங்காங் அடைத்திருந்தது. அடைப்பு லேசாக இருக்கும்போது கம்ப்யூட்டர் சமாளித்தது. மழை நாளில் விளக்கும் விசிறியும் வைப்பரும் ஒரே நேரத்தில் அந்தச் சந்தில் நுழைந்தபோது, கம்ப்யூட்டரின் எர்த் காலில் ஐந்து வோல்ட் தேங்கி நின்றது. அதற்குப் பிறகு அதற்கு உயிர் ஏது?

ஒரு சோம்பேறி சாயம் அடித்திருந்தால் போல்ட்டைக் கழற்றாமல் மேலேயே அடித்திருப்பான். பார்க்க அசிங்கமாக இருந்திருக்கும். அடியில் இரும்பும் வளையமும் ஒட்டியபடி இருந்திருக்கும், கார் ஓடியிருக்கும். குணாளன் ஒவ்வொன்றாகக் கழற்றினார். தேய்த்தார். அடித்தார். நன்றாகக் காயவிட்டுத் திருப்பி முடுக்கினார்.

"சொல்லுங்க அவங்ககிட்ட" என்றார் புவான் ஹஸ்னா.

"சாயத்தையுமா?" என்றேன் மெதுவாக. எர்த் லூஸாக இருந்தது, பழைய காடி என்று சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். "நாம அங்க இல்ல. பார்த்ததை மட்டும் சொல்லுங்க. பார்த்த எல்லாத்தையும்."

அதற்குள் மல்லிகா பக்கத்தில் வந்துவிட்டாள். நான் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். எந்த வயர் எங்கே போகிறது, அடியில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது. ஜோக் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் நாக்கைக் கடித்துத் துப்பியிருப்பேன். அவள் குனிந்து பார்த்தாள். விரலை நீட்டி அந்தச் சிவப்பைத் தொட்டாள். நகத்தால் ஒருமுறை சுரண்டினாள். சாயம் உரியவில்லை.

"நல்லாத்தான் அடிச்சிருக்காரு" என்றாள்.

"ஆமாம்மா."

"வைப்பர் ஆடிக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னேனே..."

அதை நான் புவானிடம் மலாயில் சொன்னேன். அவர் உடனே மல்லிகாவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, மலாயில் சொன்னார். வேண்டுமென்றே நிறுத்துகிறவன் சாவியைத் திருப்புவான். சாவியைத் திருப்பினால் இந்தக் காரில் வைப்பரும் நின்றுவிடும். திருப்பாமல் இறங்கினால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். என்ஜின் செத்து வைப்பர் ஆடினால் அது நின்றுபோன கார். மல்லிகாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். இருந்தாலும் அவள் என் பக்கம் திரும்பினாள். தமிழில் கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"அப்ப, அவரு நிறுத்தல."

"இல்லம்மா."

"சாவுறதுக்கு இறங்கல."

"இல்லம்மா."

"எங்க மாமியாவக் கூட்டிட்டு வரேன். இதே மாதிரி நிறுத்திக் காட்டுவீங்களா?"

காட்டினோம். அந்த அம்மா கேன்வஸ் துணியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். என்ஜின் நின்றதும், வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர்கள் போகும்வரை அந்தப் பிடியை விடவில்லை. போனதும் நான் போல்ட்டுக்கு அடியில் இருந்த சாயத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். மறுபடி முடுக்கி, எல்லாவற்றையும் போட்டு அளந்தேன். சுழியத்துக்குப் பக்கத்தில் வந்தது. இத்தனை வருடத்தில் அந்த எண்ணை நான் நின்று பார்த்தது அதுதான் முதல்முறை.

எனவே தம்பிகளா, பிளக்கைக் கழற்றாதீர்கள். என்ஜின் ஓடட்டும், எல்லாவற்றையும் போடுங்கள். கருப்பு பேட்டரியின் எதிர்த் தலையில். சிவப்பு எர்த் காலில். ஒன்றுமே வரக் கூடாத இடத்தை அளந்துவிட்டுப் பிறகு வாயைத் திறங்கள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பெரிய மழை. விளக்கு, வைப்பர், விசிறி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சாயத்தின் மேல் முடுக்கிய போல்ட் சூடேறியது. கம்ப்யூட்டர் அணைந்தது, என்ஜின் அணைந்தது, கார் இடது தடத்தில் உருண்டு நின்றது. என்ன ஆயிற்று என்று பார்க்கக் குணாளன் இறங்கினார்.